'ஆ'வுக்கு 'லி'

படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட். 'சாப்பாடு நல்லா இருக்கு', 'அவ நல்லா பாடுறா'. இந்த ரெண்டு வாக்கியத்துலயும் 'நல்லா' ஒரே வார்த்தைதானே? இங்கிலீஷ்ல சொல்லிப் பாருங்க. முதல்ல வர்றது 'குட்', ரெண்டாவதுல வர்றது 'வெல்'. ஏன்னு யாராவது கேட்டா உடனே சொல்லத் தெரியுமா?

எனக்குத் தெரியலை. தெரியாமலே ஏழு பசங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதுல ஒரு பொண்ணு பதினோரு நாள் வகுப்புக்கு வரலை. அந்தக் கதையைத்தான் எழுதப் போறேன். நம்ம காலேஜ்ல நிறைய பேர் சாயங்காலம் ட்யூஷன் எடுக்கிறீங்க. உங்களுக்கு உபயோகப்படும்னு நம்புறேன்.

எங்க வீடு செம்பாக்கத்துல, ஏரிக்குப் போற பக்கம். 2021 நவம்பர்ல தாம்பரம் மாநகராட்சி உருவானப்போ எங்க செம்பாக்கம் நகராட்சியும் அதுல சேர்ந்துடுச்சு. பேர் மாநகராட்சின்னு மாறினாலும் தெரு அதே தெருதான். அதே வருஷம் அக்டோபர்ல, கொரோனாவுல விட்டுப்போன படிப்பைப் பிடிக்கிறதுக்காக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை ஆரம்பிச்சது ஞாபகம் இருக்கும். ஒண்ணாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் படிக்கிற பசங்களுக்குச் சாயங்கால வகுப்பு, நடத்துறவங்க தன்னார்வலர்கள். எங்க பக்கத்துல ஒரு அக்கா அப்படி நடத்துனதைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது. காலேஜ் வந்த பிறகு, எங்க வீட்டு மாடிப்படிக்குக் கீழே பாய் விரிச்சு, நாலாவது அஞ்சாவது படிக்கிற ஏழு பேரை வெச்சுக்கிட்டேன். மாசம் இருநூறு ரூபாய். கொடுக்க முடிஞ்சவங்க கொடுப்பாங்க.

கணக்கு எனக்குப் பிரச்சினை இல்லை. இங்கிலீஷ்தான் உதைக்கும். நானே பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். அதனால எந்தப் பாடமா இருந்தாலும் அதை ஒரு ஃபார்முலாவா மாத்திடுவேன். ஃபார்முலா இருந்தா தைரியம் வரும், இல்லையா?

ஒருநாள் 'அட்ஜெக்டிவ்', 'அட்வெர்ப்' பாடம் வந்தது. தமிழ்ல பெயரடை, வினையடை. 'அடை'ன்னதும் ஒரு பையன், "அக்கா, அவியல் உண்டா?"ன்னு கேட்டான். சிரிச்சு முடிச்சதும் சொன்னேன்: பேரைச் சொல்ற சொல்லோட ஒட்டினா பெயரடை, செயலைச் சொல்ற சொல்லோட ஒட்டினா வினையடை. 'வேகமான பஸ்' பெயரடை. 'பஸ் வேகமாகப் போச்சு' வினையடை. தமிழ்ல 'ஆன' வந்தா இங்கிலீஷ்ல அப்படியே எழுது, 'க்விக்'. 'ஆக' வந்தா வால் ஒட்டு, 'க்விக்லி'. பேச்சுல 'ஆக'ங்கிறது 'ஆ'ன்னு சுருங்கிடும் இல்லையா? அதனால ஃபார்முலா இது: 'ஆ'வுக்கு 'லி'.

மெதுவா, ஸ்லோலி. தைரியமா, ப்ரேவ்லி. சந்தோஷமா, ஹாப்பிலி. அமைதியா, கொயட்லி. பசங்க பாட்டாவே பாடினாங்க. எனக்குப் பெருமை தாங்கலை. அன்னைக்கு ராத்திரி, நான் நல்ல டீச்சர்னு நினைச்சுக்கிட்டே தூங்கினேன்.

ஒரு வாரம் கழிச்சு, அஞ்சாவது படிக்கிற ஒரு பொண்ணு கேட்டா: "அக்கா, வேளச்சேரி ரோட்டுல ஸ்கூல் பக்கத்துல போர்டு இருக்கு. தமிழ்ல 'மெதுவாகச் செல்லவும்'னு போட்டிருக்கு. இங்கிலீஷ்ல 'கோ ஸ்லோ'ன்னு போட்டிருக்கு. 'லி' எங்கக்கா?"

நான் கொஞ்சம்கூட யோசிக்கலை. "போர்டு எழுதினவங்க தப்பா எழுதிட்டாங்கம்மா" என்றேன்.

இதை இப்போ எழுதும்போதும் கூச்சமா இருக்கு. நாம லேப்ல கோடு எழுதுறோம். யாராவது ஒரு இன்புட் கொடுத்து "இதுக்குத் தப்பா வருதே"ன்னு சொன்னா, இன்புட்டைத் திட்டுவோமா, கோடைப் பார்ப்போமா? பத்து வயசுப் பொண்ணு எனக்கு அருமையான டெஸ்ட் கேஸ் கொண்டுவந்து கொடுத்தா. நான் இன்புட்டைத் திட்டினேன்.

அந்த மாசக் கடைசியில அவ பள்ளிக்கூடத்துல 'என் அப்பா'ன்னு இங்கிலீஷ்ல மூணு வாக்கியம் எழுதி எல்லார் முன்னாடியும் படிக்கணும். அவ அப்பாவுக்குச் சென்ட்ரிங் வேலை. மேடவாக்கம் பக்கம் எழும்புற அடுக்குமாடிகள்ல பலகை அடிச்சு, முட்டுக் கொடுத்து, கான்கிரீட் இறுகுற வரைக்கும் தாங்க வைக்கிற வேலை. பொண்ணு தமிழ்ல யோசிச்சிருக்கா: அப்பா கஷ்டமா வேலை செய்யுறார். தாமதமா வீட்டுக்கு வர்றார். களைப்பா தெரியுறார். மூணுலயும் 'ஆ' இருக்கு. அப்புறம் என்ன, ஃபார்முலா கையில இருக்கே.

"மை ஃபாதர் ஒர்க்ஸ் ஹார்ட்லி. ஹீ கம்ஸ் ஹோம் லேட்லி. ஹீ லுக்ஸ் டயர்ட்லி."

மூணுமே தப்பு. முதல் வாக்கியம் தப்பு மட்டுமில்லை. 'ஹார்ட்லி'ன்னா 'அரிதாகத்தான்', 'கிட்டத்தட்ட இல்லவே இல்லை'ன்னு அர்த்தம். வகுப்புல ஒருத்தர், "உங்க அப்பா வேலைக்கே போறதில்லையா?"ன்னு கேட்க, எல்லாரும் சிரிச்சிருக்காங்க. இவ நின்ன இடத்துலயே அழுதிருக்கா. அடுத்த நாளிலிருந்து என் பாயில ஒரு இடம் காலி.

முதல் ரெண்டு நாள் காய்ச்சலா இருக்கும்னு நினைச்சேன். மூணாம் நாள்தான் இன்னொரு பையன் விஷயத்தைச் சொன்னான். எனக்கு உடனே அவங்க வீட்டுக்குப் போகத் தோணலை, உண்மையைச் சொல்றேன். பயம். முதல்ல நான் எங்க தப்பு பண்ணினேன்னு கண்டுபிடிக்கணும்னு எனக்கு நானே சாக்கு சொல்லிக்கிட்டு லைப்ரரியில உட்கார்ந்தேன். கண்டுபிடிச்சதை உங்களுக்கும் சொல்லிடுறேன்.

முதல் விஷயம், 'ஹார்ட்', 'லேட்', 'ஃபாஸ்ட்' மூணும் வால் இல்லாமலே வினையடையா வேலை செய்யும். காரணம் பழைய இங்கிலீஷ்ல இருக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி பெயரடையை வினையடையா மாத்த, கடைசியில ஒரு 'எ' ஒலியைச் சேர்த்தாலே போதும். காலப்போக்குல அந்த எ தேய்ஞ்சு விழுந்துடுச்சு. பெயரடையும் வினையடையும் பார்க்க ஒண்ணாயிடுச்சு. 'லி' வேற வழியில வந்தது. அது பழைய இங்கிலீஷ்ல உடம்பு, வடிவம்னு பொருள் தர்ற 'லிக்'ங்கிற சொல்லிலிருந்து வந்த வால். 'போன்ற'ன்னு அர்த்தம் வர்ற 'லைக்' அதுக்குச் சொந்தக்காரன். அதனாலதான் 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி', 'லோன்லி' எல்லாம் 'லி' வெச்சுக்கிட்டே பெயரடையா இருக்கு. 'லி'யைப் பார்த்ததும் வினையடைன்னு முடிவு பண்ணினாலும் தப்புதான்.

'கோ ஸ்லோ'வும் சரிதான். வால் இல்லாத 'ஸ்லோ' ரொம்ப காலமாவே வினையடையா புழங்குது, முக்கியமா ரோடு போர்டுகள்ல. 1997ல ஆப்பிள் கம்பெனி 'திங்க் டிஃபரண்ட்'னு விளம்பரம் பண்ணினப்போ, 'டிஃபரண்ட்லி'ன்னுல வரணும்னு கேட்டவங்க உண்டு. அவங்களோட சேர்ந்து நானும் எங்க ஊர் போர்டைத் திட்டியிருக்கேன்.

'ஹார்ட்லி'க்கு ஒரு கதை இருக்கு. அதுக்கும் ஒரு காலத்துல 'கடினமா', 'கஷ்டப்பட்டு'ன்னுதான் பொருள். கஷ்டப்பட்டு நடக்குறதுங்கிறது மெல்ல 'நடக்குறதே அபூர்வம்'னு திரும்பிடுச்சு. 'லேட்லி'யும் அப்படித்தான், இப்போ அதுக்குச் 'சமீப காலமா'ன்னு பொருள். சில நூற்றாண்டுக்கு முன்னாடி பிறந்திருந்தா அந்தப் பொண்ணோட முதல் வாக்கியத்தைப் பார்த்து யாரும் சிரிச்சிருக்க மாட்டாங்க.

ரெண்டாவது விஷயம்தான் முக்கியம். 'லுக்ஸ் டயர்ட்லி' ஏன் தப்பு? இங்கேதான் நம்ம தமிழ் நம்மைக் கவுத்துடுது.

தமிழ்ல 'ஆக'ங்கிறது 'ஆகு'ங்கிற வினையிலிருந்து வந்தது. வேகம் + ஆக. அது எப்படிச் செய்தான்னும் சொல்லும், எப்படி இருந்தான்னும் சொல்லும். 'கோபமா பார்த்தார்', 'கோபமா இருந்தார்'. ரெண்டுக்கும் ஒரே 'கோபமா'தான். நமக்குக் குழப்பமே வராது, ஏன்னா வித்தியாசத்தை வினை சுமக்குது: 'பார்த்தார்', 'இருந்தார்'. தொல்காப்பியமே சொற்களைப் பெயர், வினை, இடை, உரின்னு நாலாத்தான் பிரிக்குது. பெயரடைக்கு ஒண்ணு, வினையடைக்கு ஒண்ணுன்னு தனி டப்பா கிடையாது. 'நனி' மாதிரி உரிச்சொல் பெயரோடவும் சேரும், வினையோடவும் சேரும்.

இங்கிலீஷ் இதுக்கு நேர் எதிர். 'லுக்'ங்கிற ஒரே வினை, பார்க்கிறதையும் சொல்லும், பார்வைக்கு எப்படித் தெரியுதுங்கிறதையும் சொல்லும். நம்ம பாஷையில சொன்னா, ஃபங்ஷன் ஓவர்லோடிங். பேர் ஒண்ணு, வேலை ரெண்டு. எந்த வேலைன்னு வால்தான் காட்டிக் கொடுக்கும். 'ஹீ லுக்ட் ஆங்ரி'ன்னா கோபமா தெரிஞ்சார். 'ஹீ லுக்ட் ஆங்ரிலி அட் மீ'ன்னா என்னைக் கோபமா பார்த்தார். 'ஸ்மெல்', 'டேஸ்ட்', 'ஃபீல்' எல்லாம் இதே கூட்டம்.

இதை எழுதி வெச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தப்போதான் ஒண்ணு கண்ணுல பட்டது. இந்த வினைகளோட ரெண்டு வேலைக்கும் தமிழ்ல தனித்தனி ஆள் இருக்கு. ஒரு பக்கம் எல்லாம் 'இரு': மணமா இருக்கு, ருசியா இருக்கு, மெத்துன்னு இருக்கு, அழகா இருக்கு. இன்னொரு பக்கம் எல்லாம் 'பார்': மோந்து பார், ருசி பார், தொட்டுப் பார், உத்துப் பார்.

அப்போ தமிழ்ல சொல்லிப் பார்த்தாலே போதும். வாக்கியம் 'இரு'வுல முடிஞ்சா வால் வேண்டாம். 'பார்'ல முடிஞ்சா வால் வேணும்.

ரசம் மணமா இருக்கு. 'த ரசம் ஸ்மெல்ஸ் நைஸ்.' வால் இல்லை. அம்மா ரசத்தைக் கவனமா மோந்து பார்த்தாங்க. 'அம்மா ஸ்மெல்ட் த ரசம் கேர்ஃபுல்லி.' வால் உண்டு. அப்பா களைப்பா தெரியுறார், அதாவது களைப்பா இருக்கார். 'ஹீ லுக்ஸ் டயர்ட்.' வால் இல்லை.

'இரு'வோட சொந்தக்காரங்க 'தெரி', 'ஆகு'. இலை மஞ்சளா ஆச்சு, 'டர்ன்ட் யெல்லோ'. அதுக்கும் வால் கிடையாது. சில இடத்துல 'இரு' ஒளிஞ்சிருக்கும். 'களைப்பா வீட்டுக்கு வந்தார்'னு சொன்னா, வந்த விதத்தையா சொல்றோம்? வரும்போது அவர் களைப்பா இருந்தார்னுதான் சொல்றோம். அதனால 'கேம் ஹோம் டயர்ட்'. மத்த சாதாரணச் செயல்களுக்கு, நடந்தான், பேசினான், எழுதினான்னு வர்றதுக்கெல்லாம், என் பழைய ஃபார்முலாவே பெரும்பாலும் ஓடும். ஆனா வால் ஒட்டாத ஆட்களை, 'ஹார்ட்', 'லேட்', 'ஃபாஸ்ட்', தனியா ஒரு லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்ணித்தான் ஆகணும். 'குட்'டுக்கு வினையடை 'குட்லி' இல்லை, 'வெல்'. 'நல்லா இங்கிலீஷ் பேசுறா'ன்னா 'ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்'. 'நல்ல இங்கிலீஷ் பேசுறா'ன்னா 'ஸ்பீக்ஸ் குட் இங்கிலீஷ்'. ஒரு கால் போட்டா போதும், எல்லாம் மாறிடும்.

முதல்ல கேட்ட கேள்விக்கும் இப்போ பதில் கிடைச்சிருக்கும். சாப்பாடு நல்லா 'இருக்கு', அதனால குட். அவ நல்லா 'பாடுறா', அதனால வெல்.

இதெல்லாம் புரிஞ்ச பிறகும் அவங்க வீட்டுக்குப் போக எனக்கு இன்னும் நாலு நாள் ஆச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில போனேன். அவ அப்பா வாசல்ல உட்கார்ந்து சுத்தியலுக்குப் பிடி மாட்டிக்கிட்டு இருந்தார். பொண்ணு என்னைப் பார்த்ததும் உள்ளே போயிட்டா.

"அண்ணா, பாப்பா எழுதினது தப்பில்லை. நான் சொல்லிக் கொடுத்ததுதான் தப்பு"ன்னு ஆரம்பிச்சேன்.

"என்னம்மா தப்பு? யாரும் ஒழுங்கா சொல்ல மாட்டேங்கிறாங்க. நான் வேலைக்கே போறதில்லைன்னா எழுதிடுச்சு?"

"கிட்டத்தட்ட அப்படித்தாண்ணா அர்த்தம் வருது."

அவர் கொஞ்ச நேரம் சுத்தியலையே பார்த்தார். அப்புறம் சிரிச்சார். "ஐப்பசி, கார்த்திகையில அது சரிதாம்மா. மழையில எவன் கான்கிரீட் போடுவான்?"

நானும் சிரிச்சேன். ஆனா அவர் சிரிப்பு சீக்கிரமே நின்னுடுச்சு. "எனக்கு ஒண்ணுமில்லம்மா. அது நாலு பேர் முன்னாடி அழுதிருக்கு. அன்னையிலேர்ந்து இங்கிலீஷ் புக்கைத் தொடலை. அதை மட்டும் நீ பார்த்துக்கோ."

அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை. தலையை ஆட்டினேன். உள்ளே போய் அவ பக்கத்துல உட்கார்ந்து, "போர்டு சரி, அக்காதான் தப்பு" என்றேன். அவ நிமிர்ந்து பார்த்தா.

"எந்தப் போர்டு?"

"கோ ஸ்லோ."

"நான் அன்னைக்கே கேட்டேன்ல?"

"கேட்ட. நான்தான் கேட்கலை."

அதுக்கு அப்புறம் 'இரு', 'பார்' ரெண்டையும் வெச்சு அரை மணி நேரம் விளையாடினோம். அவங்க அம்மா கொடுத்த டீயை மோந்து பார்த்து ஒரு வாக்கியம், டீ மணமா இருக்குன்னு ஒரு வாக்கியம். நாலு தடவை சரி, ஒரு தடவை தப்பு. தப்பானதை அவளே பிடிச்சா.

திங்கட்கிழமை சாயங்காலம் பாய்க்கு வந்தா. மத்த பசங்ககிட்டயும், அக்கா சொல்லிக் கொடுத்த ஃபார்முலா பாதிதான் சரின்னு சொன்னேன். "பாட்டு வேஸ்டாக்கா?"ன்னு ஒருத்தன் வருத்தப்பட்டான். பாட்டை வெச்சுக்கலாம், ரெண்டாவது அடி சேர்த்துக்கலாம்னு முடிவாச்சு. 'ஆ'வுக்கு 'லி', 'இரு' வந்தா காலி. எதுகை மோனை எல்லாம் தமிழ் மன்றத்துக்காரங்க மன்னிச்சுக்கணும்.

நீங்களும் யாருக்காவது சொல்லிக் கொடுக்கிறவங்களா இருந்தா ஒண்ணு கேட்டுக்கிறேன். ஷார்ட்கட் கொடுங்க, தப்பில்லை. பசங்களுக்குப் பிடிமானம் வேணும். ஆனா அது எங்கே உடையும்னு நீங்க முதல்ல உடைச்சுப் பார்த்துட்டுக் கொடுங்க. அதோட, பத்து வயசுக் குழந்தை "இங்கே மட்டும் ஏன் இப்படி?"ன்னு கேட்டா, "தெரியலைம்மா, பார்த்துட்டுச் சொல்றேன்"னு சொல்லுங்க. நான் அன்னைக்கு அதைச் சொல்லியிருந்தா, அந்தப் பதினோரு நாள் போயிருக்காது.

அவ நோட்டுல இப்போ அஞ்சு வாக்கியம் இருக்கு. முதல் மூணும் திருத்தினது. "மை ஃபாதர் ஒர்க்ஸ் ஹார்ட். ஹீ கம்ஸ் ஹோம் லேட். ஹீ லுக்ஸ் டயர்ட்." கடைசி ரெண்டும் நான் சொல்லாம அவளே எழுதினது: "ஆன் சண்டே ஹீ லுக்ஸ் ஹாப்பி. ஹீ ஈட்ஸ் ஸ்லோலி."

ரெண்டையும் நான் சரிபார்த்தேன். ஒண்ணுக்கு வால் இல்லை, இன்னொண்ணுக்கு உண்டு. ரெண்டும் சரி.